சிவனணைந்தபெருமாளின் கூப்பிடு தூரம்

வெள்ளிக்கிழமை நண்பகலானால் சிவனணைந்தபெருமாளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மற்ற நாளெல்லாம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சத்தம். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. "குத்தாலம் குத்தாலம் குத்தாலம்! ஏறு ஏறு ஏறு!" என்று ஒரு குரல் கொடுத்தால் கோவில் மொட்டைக் கோபுரத்துப் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும், பஸ் ஸ்டாண்டின் பின்சுவரை ஒட்டியிருந்த பள்ளிவாசலில் பாங்கு சொன்னதிலிருந்து தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை, அவர் வாயைத் திறக்க மாட்டார். கையாலேயே ஆள் கூப்பிடுவார். பத்து விரலையும் மேலிருந்து கீழே சொரிந்தால் குற்றாலம். இரண்டு கையையும் சுவர் மாதிரி நிமிர்த்தினால் செங்கோட்டை. இலஞ்சிக்கு, அந்த ஊர்க் கோவில் குமாரசாமி கையிலிருக்கும் வேல். வெளியூர்க்காரர்கள், பாவம், ஊமை மனுஷர் என்று இரக்கப்பட்டு ஏறிக்கொள்வார்கள். யாராவது கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்குவார்.

அவரை அப்படி இருக்கச் சொன்னவர் யாருமில்லை. பள்ளிவாசல்காரர்களே அது உண்மையான தொண்டைக் கட்டு என்றுதான் நம்பினார்கள். யாக்கூப் ராவுத்தருக்கு மட்டும் தெரியும். பள்ளிவாசல் வாசலைத் தாண்டினால் அவருடைய வெற்றிலைபாக்குக் கடை. தொழுகை முடிந்து அவர் வந்து பலகையைத் திறந்த மறுநிமிஷம், "ஓய் ராவுத்தரே, ஒரு வெத்தலை மடியும்!" என்று அந்தக் கட்டின தொண்டையிலிருந்து வரும் சத்தத்தில் சர்பத் போத்தல்கள் நடுங்கும். யாக்கூப் அதைப்பற்றி அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை வெற்றிலையில் மட்டும் ஓர் ஏலக்காய் கூடுதலாக வைத்து மடிப்பார். பெருமாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அந்தக் குரல் அவருக்கு வந்தது சுந்தரபாண்டியபுரத்து வயலில். சின்ன வயதில் கிளி விரட்டப் பரணில் ஏறி நின்று கத்திக் கத்தி விளைந்த குரல். கத்தினால் கிளி மட்டுமல்ல, பக்கத்து வயலில் களை பறிக்கும் பெண்களும் எழுந்து போய்விடுவார்களாம். பிறகு பஸ் வந்தது. பஸ்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டார்கள். பரணிலிருந்து இறக்கிப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அவர் மனைவி சொக்கம்மாள், "மெல்லப் பேசும். அடுத்த தெருத் தொட்டில்ல பிள்ளை முழிச்சிரும்" என்பாள். அவர் மெல்லத்தான் பேசினார். அடுத்த தெருப் பிள்ளை முழித்துத்தான் கொண்டது.

சாரல் காலத்தில் ஊரெல்லாம் குற்றாலத்துப் பெரிய அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்கும். பெருமாள் அங்கே குளிக்க மாட்டார். "அது இன்னொரு பஸ் ஸ்டாண்டு வே" என்பார். வாரத்தில் ஓய்வு கிடைத்த நாளில், தான் கூப்பிட்ட பஸ்ஸிலேயே தானும் ஏறிக் குற்றாலத்தில் இறங்கி, பெரிய அருவிக்குப் பின்னால் மலையில் ஏறும் பாதையைப் பிடித்துச் செண்பகாதேவி அருவிக்குப் போவார். கால் ஒத்துழைத்தால் இன்னும் மேலே தேனருவி வரைக்கும். அருவிக்கரையில் இருக்கும் செண்பகாதேவி அம்மன் கோவிலில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பாறையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அங்கே என்னதான் இருக்கிறது என்று யாக்கூப் ஒருமுறை கேட்டார்.

"அங்க போனாத்தான் ராவுத்தரே, என்னை விடச் சத்தமா ஒண்ணு இருக்குன்னு தெரியுது" என்றார் பெருமாள். "வாயைப் பொத்திட்டு உக்காந்துக்கிடலாம். நல்லாருக்கும்."

அவருக்கு ஒரே ஒரு குறை. தூரம் சொல்லத் தெரியாது. மலையில் எந்த இடத்தைக் கேட்டாலும், "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டால் எதுவரை கேட்குமோ அதுதானே கூப்பிடு தூரம்? அவர் கூப்பிட்டால் அங்கே கேட்கும். ஆனால் கேட்டவர்கள் தங்கள் குரலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பஸ் இறங்கி, அவரை நம்பி மலையேறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் தென்காசி வட்டாரத்தில் ஏராளம். திட்டிக்கொண்டே இறங்குவார்கள். அடுத்த சாரலில் மறுபடி வந்து, "அண்ணாச்சி, அந்த மேல அருவிக்கு வழி..." என்று தலையைச் சொறிவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், இந்தக் கூப்பிடு தூரத்தில் யாக்கூப் ராவுத்தருடைய குடும்பமே மாட்டிக்கொண்டது.

அவருக்கு ஒரே மகள், நூர்நிஷா. இருபது நடந்துகொண்டிருந்தது. அதற்குமுன் இரண்டு இடத்திலிருந்து பேசி வந்தார்கள். வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், கையைக் கழுவினார்கள். வாசற்படி இறங்கும்போது, "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். இரண்டு இடத்திலும் அதே சொல். சொல்லி யாரும் வரவில்லை. வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த 'சொல்லி அனுப்புதோம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே யாக்கூப்பின் மனைவி ஹாஜரா பீவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கடைக்கு வருகிறவர் யாராவது, "சரக்கு வந்ததும் சொல்லி அனுப்பும்" என்றால்கூட யாக்கூப்புக்குக் கை நின்றுவிடும்.

மூன்றாவதாக வந்தது செங்கோட்டை சம்பந்தம். மரம் விற்கும் மரவாடி வைத்திருந்த முகம்மது கனி முதலாளி. அவர் மகன் மசூது. அந்த வீட்டுப் பெண்கள் முன்பே வந்து நூர்நிஷாவைப் பார்த்து, பிடித்துப்போய், "இனி அவுக வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்று விட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் கனி முதலாளி மகனைக் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் தென்காசிக்கு வந்து இறங்கினார். கனத்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, நடந்தால் கிறீச்சிடும் புதுச் செருப்பு. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் மனசு இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தது. எதைப் பார்த்தாலும், "எங்க திருவிதாங்கூர்ல..." என்று ஆரம்பிப்பார். ஸ்டேஷன் சரியில்லை, தெரு சரியில்லை, சோற்றில் உப்பு ஒரு கல் கூட. மசூது தலை நிமிராத பையன். கேட்டால் "ஆமா", கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

சாப்பாடு முடிந்தது. கனி முதலாளி வார்த்தை சொல்லவில்லை. "வந்தது வந்தோம், அருவியில ஒரு குளி குளிச்சிட்டு, அங்கனேயே ஆறு மணி செங்கோட்டை பஸ்ஸைப் பிடிச்சுக்கிடுதோம். நடு வழியில பேசிக்கிடுவோம்" என்றார். உள்ளே ஹாஜரா பீவி பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தமே அவள் மனசைச் சொல்லியது. நூர்நிஷா தான் சுட்ட சீனிப் பணியாரத்தை ஓலைப்பெட்டியில் கட்டி வாப்பா கையில் கொடுத்து அனுப்பினாள்.

பஸ் ஸ்டாண்டில் பெருமாள் நின்றார். அன்றைக்கு அவருக்கு ஓய்வு. மடியில் அம்மனுக்கு இரண்டு வாழைப்பழத்தோடு பஸ்ஸுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே யாக்கூப்புக்குத் திக்கென்றது. கண்ணால் ஜாடை காட்டினார். பெருமாளுக்குத் தான் காட்டும் ஜாடைகள்தான் தெரியும். பிறர் காட்டுவது தெரியாது.

"சம்பந்திமாரா! வாங்க மொதலாளி, வாங்க! பெரிய அருவிக்கா? ஐயோ, இன்னைக்கு அங்கன எண்ணெய்த் தலையா நிக்கும், தண்ணியே தெரியாது. நம்ம செண்பகாதேவிக்கு வாங்க. ஆளே இருக்காது. மேலே பார்த்தா மரம், கீழே பார்த்தா தண்ணி."

"எவ்வளவு தூரம்?" என்றார் கனி முதலாளி.

யாக்கூப் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தா, கூப்பிடு தூரம்!"

பஸ் கிளம்பி இலஞ்சி தாண்டும்போதே சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் இறங்கி, படிகளில் ஏறி, பெரிய அருவியின் இரைச்சலை முதுகுக்குப் பின்னால் விட்டார்கள். ஒரு வளைவு. இரண்டாவது வளைவு. கல்லெல்லாம் பாசி. வேங்கை மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கழுத்துக்குள் விழுந்தது. மூன்றாவது வளைவில் கனி முதலாளி நின்றார்.

"எங்கே வே அருவி?"

"இந்தா மொதலாளி. வந்தாச்சு."

"அதை நீர் கீழேயே சொன்னீரே."

"இப்ப இன்னும் கிட்ட வந்தாச்சு."

"எங்க திருவிதாங்கூர்ல ஒரு மைல்னா ஒரு மைல்தான் இருக்கும். கேட்டோ? நீட்டவும் மாட்டோம், சுருக்கவும் மாட்டோம்."

"இங்கனயும் அப்படித்தான் மொதலாளி. மைலை யாரும் தொடல. நான் மைல்னே சொல்லலையே!"

யாக்கூப், பெருமாளின் முதுகில் விரலால் குத்தினார். "வே, வாயைக் கட்டும். என் பிள்ளை வாழ்க்கை வே" என்று காதுக்குள் சொன்னார். பெருமாள் சரி சரி என்று தலையாட்டினார். நாலு எட்டு வைத்ததும், "இந்த மரத்தைப் பாருங்க மொதலாளி, இதுக்கு வயசு..." என்று ஆரம்பித்தார்.

மரம் என்றதும் கனி முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மரவாடிக்காரர் அல்லவா? பக்கத்தில் போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். "எந்தா மரம் இது! இதை வெட்டினா ஒரு வீட்டுக்கு நிலை, கதவு, உத்தரம் எல்லாம் எடுக்கலாம்" என்றார்.

"வெட்டாம விட்டா குரங்கு நூறு குடும்பம் இருக்கும் மொதலாளி. இப்பவே இருக்கு" என்றார் பெருமாள்.

கனி முதலாளி கையை மரத்திலிருந்து எடுத்தபோதுதான் தன் காலைப் பார்த்தார். கெண்டைக்காலில் கன்னங்கரேலென்று ஓர் அட்டை, ரத்தத்தைக் குடித்துத் திராட்சை மாதிரி உருண்டுகொண்டிருந்தது. "யா அல்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தம், பெருமாளுடைய சத்தத்துக்கு அப்படியொன்றும் குறைந்ததல்ல. யாக்கூப் இடுப்பிலிருந்து புகையிலையை எடுத்து மென்று, சாற்றை விரலில் தொட்டு வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. இருபது வருஷமாக வெற்றிலைக் கடை வைத்திருந்தும் அந்தத் தொழில் மேல் யாக்கூப்புக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை.

இப்படியே ஒன்றரை மைல். செண்பகாதேவி வந்தது.

மேலே காட்டிலிருந்து வந்து பாறையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. கரையில் அம்மன் கோவில். கனி முதலாளி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். போனவர் வெகுநேரம் வரவில்லை. தண்ணீருக்குள் இருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்பதுபோல் ஆடியது. மசூது கரையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டியைத் திறந்தான். ஒரு பணியாரம் தின்றான். கொஞ்சம் யோசித்தான். அப்புறம் இன்னொன்று.

குளித்து எழுந்ததும் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஓடும் தண்ணீரிலேயே கை கால் முகம் கழுவி ஒளு எடுத்து, தட்டையான பாறை ஒன்றில் துண்டை விரித்து, கனி முதலாளி முன்னாலும் யாக்கூப்பும் மசூதும் பின்னாலுமாக நின்றார்கள். பெருமாள் சற்று விலகி, சட்டை செருப்புக்கெல்லாம் காவலாக உட்கார்ந்தார்.

அங்கே தனியாக விட்டுப் போகிற எதற்கும் குரங்குதான் சொந்தக்காரன். கிழட்டுக் கடுவன் ஒன்று கிளையிலிருந்து இறங்கி, பணியாரத்தைக்கூடப் பார்க்காமல், கனி முதலாளியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பாறையில் உட்கார்ந்தது. வேறு நேரமாக இருந்தால் பெருமாள் போடுகிற ஓர் அதட்டலில் குரங்கு தேனருவிக்குப் போயிருக்கும். மனுஷர் வாயைத் திறந்தார், பாறையில் நெற்றி வைத்திருந்த மூன்று பேரையும் பார்த்தார், மூடிக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாத சண்டை. துண்டை வீசிக் காட்டினார். பல்லைக் கடித்துக் காட்டினார். கையைக் கூப்பிக் கெஞ்சினார். குரங்கும் பதிலுக்குப் பல்லைக் காட்டியது. கடைசியில் மடியில் அம்மனுக்கென்று வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். குரங்கு ஒரு பழத்துக்கு மசியவில்லை. இரண்டையும் கொடுத்தபிறகுதான் கண்ணாடி கைமாறியது.

தொழுகை முடிவில் வலது தோள் பக்கம் திரும்பிச் சலாம் கொடுத்தபோது கனி முதலாளி கண்ணில் பட்டது, மீட்ட கண்ணாடியோடு ஒரு காலைத் தூக்கி மரத்தடியில் கூத்தாடும் பெருமாள். இடது பக்கம் திரும்பினால், சாவகாசமாகப் பழம் உரிக்கும் குரங்கு. கையேந்தித் துஆ ஓதி முடித்து எழுந்து வந்தார்.

"ஏன் வே, வாயில்லையா உமக்கு? ஒரு சத்தம் போட்டா ஓடியிருக்குமே?"

"நீங்க தொழுதுக்கிட்டுல்லா இருந்தீய" என்றார் பெருமாள். கண்ணாடியை வேட்டியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, கோவில் பக்கம் திரும்பி, "உன் பழம் குரங்குக்குப் போயிட்டு தாயே. அடுத்த வாட்டி சேர்த்துத் தாரேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கனி முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். யாக்கூப் அந்த முகத்தைப் படிக்கப் பார்த்தார்; எழுத்துக் கூட்ட முடியவில்லை.

இறங்கும்போதுதான் வினை வந்தது. பாதி வழியில் புதுச் செருப்பின் வார் அறுந்தது. வழுக்கும் கல்லில் ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் முதலாளி இறங்க, ஒரு பக்கம் மசூது, ஒரு பக்கம் யாக்கூப் தாங்க, பாதை நகரவே இல்லை. நேரம் ஐந்தரை தாண்டிவிட்டது. செங்கோட்டைக்கு அந்த ஆறு மணி பஸ்தான் கடைசி.

"மதி! போதும்!" என்று கனி முதலாளி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கூப்பிடு தூரம்னு சொன்னீர்லா? அப்ப இங்கன இருந்தே அந்தப் பஸ்ஸைக் கூப்பிடும் வே! நிக்குதான்னு பார்ப்போம்!" யாக்கூப் பக்கம் திரும்பி, "ராவுத்தரே, நான் ஒண்ணு நினைச்சு வந்தேன். இப்படி அலைஞ்ச அலைச்சல்ல இப்ப ஒண்ணும் ஓடல. ஊருக்குப் போய்..." என்றார்.

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று யாக்கூப்புக்குத் தெரியும். முகம் வெளுத்தது. அதைப் பெருமாள் பார்த்தார். "கூப்பிட்டுட்டா போச்சு மொதலாளி" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடினார். இரண்டு வளைவு தாண்டி, பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

மேலே இருந்தவர்களுக்கு வார்த்தை விளங்கவில்லை. அருவிச் சத்தத்துக்கும் சாரலுக்கும் நடுவில் "சம்பந்..." என்று ஒன்று மலையில் மோதித் திரும்பி வந்தது. அப்புறம் "பஸ்ஸை..." என்று ஒன்று. மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் போயிற்று. கீழே எங்கேயோ, விறகு எடுக்க வந்த ஒருவன் "ஓவ்!" என்று அதை வாங்கி இன்னும் கீழே விட்டான். அவனுக்குக் கீழே எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தவர்கள் வாங்கினார்கள். அப்படியே போயிற்று.

இவர்கள் நொண்டி நொண்டி அடிவாரத்துக்கு வந்தபோது மணி ஆறரை ஆகிவிட்டது. பஸ் நின்றுகொண்டிருந்தது!

பஸ் மட்டுமா? பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கி, சிரித்த முகமாக வரிசையாக நின்றார்கள். டிரைவர் ஞானதுரை முன்னால் வந்து கனி முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பச் சந்தோசம் மொதலாளி! நாள் எப்ப குறிச்சிருக்கிய?"

"எந்தா? என்ன நாள்?"

அருவிக்கரையில் மங்குஸ்தான் பழம் விற்கும் பேராச்சி கூடையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்ன மொதலாளி தெரியாத மாதிரி கேக்கிய? மலையில இருந்து தாக்கல் வந்துட்டுல்லா? 'ராவுத்தர் மகளுக்கும் செங்கோட்டை மொதலாளி மகனுக்கும் சம்பந்தம் முடிஞ்சிருச்சு, பஸ்ஸை நிப்பாட்டு, எல்லாருக்கும் சீனி குடுக்காவ'ன்னு! அதுக்குத்தான் அரை மணி நேரமா நிக்கோம். சீனி வாங்காம வண்டியை எடுக்கக்கூடாதுன்னு நான்தான் டிரைவரண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன்."

யாக்கூப்புக்குக் காதுக்குள் அருவி விழுந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தார். பெருமாளைத் தேடினார். பெருமாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பஸ்ஸின் டயரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனி முதலாளி ஒரு காலில் செருப்போடு நின்றார். வேட்டி நனைந்து, கெண்டைக்காலில் ரத்தம் கோடாக வழிந்திருந்தது. அவரைச் சுற்றி நீட்டின கைகள்.

"இல்ல... நாங்க ஊருக்குப் போய்ச் சொல்லி அனு..."

"யாருக்குச் சொல்லி அனுப்பப் போறிய?" என்றாள் பேராச்சி. "தென்காசிக்காரன் பாதி, செங்கோட்டைக்காரன் பாதி, எல்லாரும் இங்கனதானே நிக்கோம்! வாயைத் திறந்து சொல்லுங்க."

அப்போது, காலையிலிருந்து 'ஆமா' தவிர வேறெதுவும் பேசாத மசூது தொண்டையைச் செருமினான்.

"வாப்பா..."

"என்னலே?"

"பணியாரம் நல்லாருந்துச்சு வாப்பா."

கனி முதலாளி மகனைப் பார்த்தார். அவன் காது நுனி சிவந்திருந்தது. ஓலைப்பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். யாக்கூப்பையும் பார்த்தார். முதலில் அவர் தொந்திதான் குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்பு வெளியே வந்தது.

"நான் சொல்லி அனுப்புததுக்கு முன்னால மலையே சொல்லி அனுப்பிட்டே ராவுத்தரே! இனி நான் எங்க போய் மாத்துதது?" என்று யாக்கூப்பின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "படைச்சவன் நாடிட்டான். எம்மகனும் பாதிப் பெட்டியைக் காலி பண்ணிட்டான். பிஸ்மில்லா சொல்லுங்க."

மிச்சமிருந்தது ஏழு பணியாரம். அதை முப்பது பேருக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். பேராச்சி தன் கூடையிலிருந்த பழத்தையும் கொட்டி, "சீனிக்குப் பதிலா இருக்கட்டும்" என்றாள். வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது. அன்று குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போன பஸ்ஸில், கிளம்பும்போது ஒருவர்கூட நேரமாகிவிட்டது என்று குறை சொல்லவில்லை. யாக்கூப் மூன்று மைலும் நடந்தே தென்காசிக்கு வந்தார். பஸ் பிடிக்க வேண்டுமென்ற நினைப்பே வரவில்லை. கூட நடந்த பெருமாள் முதல் தடவையாக வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று யாக்கூப் விஷயத்தைச் சொன்னபோது ஹாஜரா பீவி கையைத் தூக்கி துஆ கேட்டாள். நூர்நிஷா கதவுக்குப் பின்னால் நின்று, "பணியாரத்தைக் கிள்ளியா குடுத்திய? முதல்லயே சொல்லியிருந்தா இன்னொரு பெட்டி சுட்டிருப்பேனே" என்றாள்.

அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. பந்திக்கு ஆள் கூப்பிடும் பொறுப்பைப் பெருமாளிடம் விட்டிருந்தார்கள். "பந்தி பந்தி பந்தி! ஏறு ஏறு ஏறு!" என்று அவர் கூப்பிட்ட சத்தத்தில், அழைக்காதவர்கள் நாலு பேரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு சாரலுக்கும் கனி முதலாளி செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, "எங்கே வே அந்தப் பொய்யன்?" என்று பெருமாளைத் தேடிப் பிடித்து மலைக்குப் போவார். வளைவுக்கு வளைவு திட்டுவார். ஒரு வருஷம் தேனருவி வரைக்கும் போய்த் திட்டிவிட்டு வந்தார்.

யாக்கூப்புக்கு மட்டும் ஒரு கேள்வி மனசில் கிடந்தது. அந்தப் பாறையில் நின்று இந்த மனுஷர் கூப்பிட்டது என்ன? 'சம்பந்தி வாராரு, பஸ்ஸை நிப்பாட்டு' என்றா? அது வாய்க்கு வாய் மாறித்தான் 'சம்பந்தம் முடிஞ்சிருச்சு' என்று கீழே வந்து சேர்ந்ததா? அல்லது மேலேயிருந்து கிளம்பும்போதே அப்படித்தான் கிளம்பியதா? அந்தச் சேதியில் சீனி யார் வாயில் சேர்ந்தது? எத்தனையோ தடவை கேட்டார். கேட்கும்போதெல்லாம் பெருமாளுக்கு ஒரு பஸ் வந்துவிடும்.

அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், தூத்துக்குடியிலிருந்த மகள் வீட்டுக்குப் பெருமாள் புறப்பட்டார். பேறுகாலம்; சொக்கம்மாள் முன்பே போயிருந்தாள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். பங்குனியில் அங்கே காய்ச்சல் கண்டு, அங்கேயே அடங்கிப்போனார். அந்த மனிதருக்கு ஆண்டவன் நல்ல இடமாகத்தான் கொடுத்திருப்பான். சத்தம் பெரிதாக உள்ள இடமாகவும் இருக்கும்.

புறப்பட்ட அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெருமாள் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யாக்கூப் கீழே நின்றார். இத்தனை வருஷத்தில் அப்படி இடம் மாறி நின்றது அதுதான் முதல் தடவை. வெற்றிலைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதினார். இனி இவருக்குச் சாக்குச் சொல்ல வேறு பஸ் வராது என்று யாக்கூப் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வே, இப்பவாவது உண்மையைச் சொல்லும். அன்னைக்கு மலையில நீர் என்னதான் கூப்பிட்டீர்?"

வண்டி நகர்ந்தது. பெருமாள் தலையை வெளியே நீட்டினார். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படியாகச் சொன்னார்:

"நான் எதைக் கூப்பிட்டா என்ன ராவுத்தரே? ஏற வேண்டியவுக ஏறிட்டாவல்லா!"